பாய் பலகைக்கு உண்டான இடம்

கண்ணு,

இங்கே யாவரும் சுகம் என்று தொடங்கத்தான் தாளை எடுத்து வைத்தேன். கை அந்த வரியை எழுத மறுக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். வரி மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள். ஞாபகம் மட்டும் மேலும் கீழும் போகாது. என் கல்யாணப் பந்தியில் என் பெரியம்மாவுக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றாமல் தாண்டிப் போனவன் முகம்கூட எனக்கு இன்றைக்கும் தெரியும். அவனோடு இன்னும் பேசுவதில்லை. அதனால் இதில் எழுதுவதையெல்லாம் வயசானவள் கலங்கிப் போய் எழுதினாள் என்று தள்ளிவிடாதே.

போன வாரம் உன் கடிதம் வந்தது. வடக்கே ரயில் இஞ்சின் செய்கிற அந்த ஊரில், உன் குவார்ட்டர்ஸ் முன்னறையில் அப்பா மாதிரியே பொம்மை ரயில் பாதை போட்டிருப்பதாகவும், கூட வேலை செய்கிறவர்களை ஆளுக்கொரு பலகை செய்து எடுத்துவரச் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முதல் மாதம் வீடு கொள்ளாத கூட்டமாம், அப்புறம் ஒவ்வொருவராக நின்றுபோனார்களாம், போன மாதம் நீயும் உன் இஞ்சினும்தான் இருந்தீர்களாம். ‘அப்பா மட்டும் எப்படியம்மா அத்தனை வருஷம் அத்தனை பேரைச் சேர்த்து வைத்திருந்தார்?’ என்று கேட்டிருந்தாய். அதே தாளின் அடியில், மிச்சமிருந்த இடத்தில், உன் மகள் பென்சிலில் எழுதியிருந்தாள். ‘அப்பத்தா, நான் ஒரு ஸ்டேஷன் செஞ்சேன். அதுல ஊஞ்சல் வெச்சேன். ஸ்டேஷன்ல ஊஞ்சல் இருக்காதுன்னு அப்பா எடுத்துட்டாரு. இப்ப சரியா இருக்குது.’

நீ கேட்ட கேள்விக்கு உன் மகளே பதில் எழுதிவிட்டாள். அதைப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டினாயா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பா சொல்ல வேண்டாம் என்றதால் இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த ஒன்றை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அவர் போய் ஒரு வருஷம் ஆகி, திதியும் கொடுத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தை நீ ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. உன் வீட்டுக்கு ஒரு தடவை வந்துவிட்டுத் திரும்பி வராதவர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் அவர்கள் பாஷையில் படித்துக் காட்டு.

அப்பாவின் வேலை உனக்குத் தெரியும். கணபதியில் பவுண்டரி. பம்புசெட்டை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செதுக்கிக் கொடுக்கிற வேலை. மயிரிழை தப்பினாலும் வார்ப்பு வீணாகிவிடும் என்பார். நாள் முழுக்கத் தப்பில்லாமல் செய்துவிட்டு வந்த மனுஷர், வீட்டுக்கு வந்ததும் பழைய டைம்பீஸ் ஸ்பிரிங்கை வைத்து சாவி கொடுக்கிற ரயில் செய்துகொண்டிருப்பார். பெட்டி கட்டும் இரும்புப் பட்டைதான் தண்டவாளம். பாதை நீளமாக வேண்டும், நம் வீட்டில் ஏது இடம்? அப்போதுதான் பலகை யோசனை வந்தது. அவரவர் வீட்டில் அவரவர் ஒரு பலகையில் தன் மனசுக்குப் பிடித்ததைக் கட்டுவது, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கொண்டுவந்து முக்காலி மேலும் மண்ணெண்ணெய் டின் மேலும் வரிசையாக வைத்து, முனைக்கு முனை சேர்த்து ரயிலை விடுவது. போத்தனூரில் கிளம்பி பொள்ளாச்சி போய்ச்சேரும் பாதை. முன்னறையில் தொடங்கி, அடுப்படி வாசலைத் தாண்டி, பின்கட்டில் முடியும். அன்றைக்கு முழுவதும் நான் அடுப்படிக்குள் குனிந்துதான் போய்வருவேன். “என்ற ஊட்டு அடுப்படிக்குப் போறதுக்கு நான் ரயிலுக்குக் கும்புடு போட்டுட்டுப் போகோணுமா?” என்று கத்துவேன். “போத்தனூர் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட மனுக் குடு புள்ள” என்பார் அப்பா. கத்தினேனே தவிர, அந்தக் குனிதல் எனக்குப் பிடித்திருந்தது.

ஆயுத பூஜை அன்றுதான் சேர்ப்பார்கள். மில், பவுண்டரி, பட்டறை எல்லாவற்றுக்கும் அன்றைக்கு விடுமுறை, அதனால் அந்த நாள். வசதி பார்த்து வைத்த நாளில் ஒரு சிக்கல் இருந்ததை முதல் வருஷம் பலகைகளைச் சேர்க்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஒரு பலகை உயரம், ஒரு பலகை தாழ்வு. சீவிவிட்டால் சரியாகும். ஆனால் உளி, அரம், இழைப்புளி எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருக்கின்றன. மறுநாள் எடுத்து வைக்கும்வரை ஒருத்தரும் தொடக்கூடாது. எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். உன் அப்பா வெற்றிலை சுற்றி வந்த அட்டையைக் கிழித்து மடித்துத் தன் பலகைக்கு அடியில் சொருகினார். அவர் பலகைதான் அளவு தப்பாதது. வந்தவர் பலகை கோணல். ஆனாலும் தன்னுடையதைத்தான் தூக்கிக் கொடுத்தார். அதுவே அப்புறம் வழக்கமாகிவிட்டது. எவர் பலகை சரியாக இருக்கிறதோ அவர்தான் அடியில் அட்டை வைக்க வேண்டும். கோணலாகக் கொண்டுவந்தவரை ஒன்றும் சொல்லக்கூடாது. மறுநாள் அரத்தை எடுக்கலாம் என்று ஆனபிறகும் யாரும் எடுத்ததில்லை. அதற்குள் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், வேகமும் தணிந்திருக்கும்.

மில் வீட்டுச் சின்னவரை நினைவிருக்கிறதா? தெலுங்கு பேசுகிற வீடு, காரில் டிரைவர் பலகையைத் தூக்கி வர, பட்டுக்கரை வேட்டியோடு வந்து நம் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். ஒரு வருஷம் மலையும் குகையும் செய்துகொண்டு வந்தார். பொள்ளாச்சி லைனில் குகையே கிடையாது. போதாததற்கு அவர் செய்த குகைக்குள் ரயில் நுழைந்தது, வெளியே வரவில்லை. மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. அப்பா குனிந்து குகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள குளுகுளுன்னு இருக்குதாட்ட இருக்குதுங்க. வண்டிக்கு வெளிய வர மனசில்ல” என்றார். சின்னவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்தப் பச்ச எப்படிங்க வந்துச்சு? மலைமேல நெசமாலுமே புல்லு மொளச்சாப்டி இருக்குதே” என்று கேட்டார். தேயிலைத் தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றினேன் என்று அவர் சொல்ல, எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த வருஷம் குகையின் வாய் தானாகவே பெரிதாகியிருந்தது. யாரும் சொல்லவில்லை. பொள்ளாச்சி லைனில் குகை உண்டா என்று எவரும் கேட்கவும் இல்லை.

எந்தப் பலகை வந்தாலும் அப்பா முதலில் ஒரு கேள்விதான் கேட்பார். “இத எதுக்குங்க இப்படி வெச்சிருக்கீங்க?” என்று. குறை கண்டுபிடிக்கக் கேட்பதில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார். சொன்னால் கேட்டுக்கொள்வார், சொல்லாவிட்டால் விட்டுவிடுவார்.

இப்போது ரஹீம் பாய்க்கு வருகிறேன். உக்கடத்தில் தையல் கடை. உனக்கு முதன்முதலாக முழுக்கால் சட்டை தைத்தவர். அவர் வைத்த தண்டவாளம் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும்; வண்டி அவர் பலகைக்கு வந்தாலே தள்ளாடும். ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவர் பலகை முன்னால்தான் நிற்பார்கள். வெட்டி விழுந்த துணியில் விரல்நகம் பெரிசுக்கு ஆட்கள் செய்து வைத்திருப்பார். சட்டைக்குப் பொத்தான்கூட இருக்கும். சோடாக் கடைக்காரனுக்கு இடுப்பில் ஈரத்துண்டு. அவர் வீட்டில் பலகை வைக்க இடமில்லை, நம் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வந்து பின்கட்டில் உட்கார்ந்து பசையும் துணியுமாக ஒட்டிக்கொண்டிருப்பார். ஆயுத பூஜை அன்று தன் கத்தரிக்கோலை உறையில் போட்டுக் கடையிலேயே வைத்துவிட்டு வருவார். “உங்க அரமெல்லாம் தூங்கறப்ப என்ற கத்தரி மட்டும் முழிச்சிட்டிருந்தா நல்லா இருக்குமாங்க அண்ணா?” என்பார்.

அவருக்கு ஒரே மகள், ஷெரீபா. சின்னதிலிருந்தே ரயில் கிளம்புவதற்குக் கொடி காட்டுவது அவள்தான். பாய் பச்சைப் பட்டுத்துண்டில் விரல் நீளத்துக்கு ஒரு கொடி தைத்துக் கொடுத்திருந்தார். கிணத்துக்கடவு தாண்டி ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த ஒரு நாளைக்கு எப்படியாவது வந்துவிடுவாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கால் கொஞ்சம் சாய்த்து நடந்தாள். அந்தக் காலத்தில் இதையெல்லாம் துருவிக் கேட்க மாட்டோம். நானும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் பாய் தன் பலகையை மாற்றினார். சோடாக் கடை எல்லாம் போய், மகள் ஊருக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சின்ன ஸ்டேஷன் வந்தது. சட்டை அட்டைப்பெட்டியை அடுக்கி ஒட்டி, மேலே சாம்பல் நிறத் துணி போர்த்தி, நீளமாக ஒரு மேடை. ரயில் பெட்டியின் கதவு வரைக்கும் உயரம். அதன்மேல் சிவப்புச் சேலை கட்டின ஒரு பொம்மை, இடுப்பில் குழந்தை. அப்பா வழக்கம்போலக் கேட்டார். “மேடைய இவ்வளவு ஒசரமா வெச்சிருக்கீங்களே, எதுக்குங்க பாய்?” பாய் பசைக் கையைத் துடைத்துக்கொண்டே, “சும்மாதாங்க அண்ணா. ஏறச் சௌகரியமா இருக்கட்டும்னு” என்றார். அப்பா அதோடு விட்டுவிட்டார். சாவி இஞ்சின் ஒல்லி; மேடையை உரசாமல் போய்விடும்.

இரண்டு மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அப்புறம் நீ இஞ்சினியரிங் காலேஜில் இருந்த வருஷம் வந்தது. காலேஜ் பட்டறையில் நீயே செய்த இஞ்சினைக் கொண்டுவந்தாய். பேட்டரியில் ஓடுவது. போத்தனூர் போய் நிஜ இஞ்சினை அளந்து, அதே கணக்கில் சுருக்கிச் செய்ததாகச் சொன்னாய். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்ணுல ஒத்திக்கலாமாட்ட இருக்குதுடா சாமி” என்றார் கடைசியில். சின்னவர் வாங்கிப் பார்த்தார், போத்தனூரிலிருந்து வருகிற ரயில்வே கார்டு வாங்கிப் பார்த்தார், பாய் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். உனக்குக் கிடைத்த அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

கார்டு விசில் ஊத, ஷெரீபா கொடி காட்ட, உன் இஞ்சின் கிளம்பியது. முன்னறை தாண்டி அடுப்படி வாசலுக்கு வந்தது. அங்கேதான் பாய் பலகை. மேடையில் உரசி, சாய்ந்து, கீழே விழப் பார்த்தது. நீ கையில் பிடித்துக்கொண்டாய்.

“மேடை ரொம்ப ஒசரமுங்க பாய்” என்றாய். “நெசத்துல அந்த ஸ்டேஷன்ல மேடையே கெடையாது. தரையோட தர. மண்ணுலதான் எறங்கோணும்.”

“ஆமாங்க தம்பி, மண்ணுதான்” என்றார் பாய்.

“அப்ப இது தப்புங்களே.”

“தப்புத்தானுங்க.”

அப்பா குறுக்கே வந்தார். “உன்ற இஞ்சினச் சித்தெ எடுத்து வெய்யி கண்ணு. பழசு ஓடட்டும். அது ஒல்லி, போயிரும்.”

“ஏப்பா, சரியா இருக்கறத எடுத்து வெச்சுபோட்டு, தப்பா இருக்கறதுக்கு வழி உடோணுமா?”

உன் சித்தப்பா கை தட்டினார். “அப்படிக் கேளுடா! எங்கூட்டு இஞ்சினியரு கேக்கறது நாயந்தானுங்களே!” அந்தக் கைத்தட்டல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அந்த மனுஷர் வந்தால் காபி கொடுப்பேன், பலகாரம் கொடுக்க மாட்டேன். ஏன் என்று அவருக்கு இதுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

“இன்னிக்கு ஆயுதம் தொடக்கூடாது சாமி” என்றார் அப்பா. அதற்கு நீ உள்ளே போய் ஒரு சவர பிளேடை எடுத்துக்கொண்டு வந்தாய். “பூசைல வெச்சதத்தானே தொடக்கூடாது? இதுக்கு யாருமே பொட்டு வெக்கலீங்களே!” வீடே சிரித்தது. பாயும் சிரித்தார். சிரித்துவிட்ட பிறகு யாரால் தடுக்க முடியும்? நீ மண்டி போட்டு உட்கார்ந்தாய். பலகை ஆடியது. பக்கத்தில் ஷெரீபா நின்றிருந்தாள். “அக்கா, இந்த முனையக் கெட்டியாப் புடிங்க” என்றாய்.

அவள் கொடியை இடுப்பில் சொருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தாள். நீ மேடையை அடுக்கடுக்காக அறுத்து எடுத்தாய். வேலை சுத்தம், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சிவப்புச் சேலைப் பொம்மையைப் பத்திரமாகப் பெயர்த்து, கீழே மண்மேல் நேராக நிறுத்தி ஒட்டினாய். பெயர்க்கும்போது இடுப்புக் குழந்தை பிய்ந்து வந்துவிட்டது. அதை விரல்நுனியில் வைத்துக்கொண்டு, “பொம்ம கொஞ்சம் கிழிஞ்சுபோச்சுங்க அக்கா” என்றாய்.

“பரவால்லைங்க தம்பி” என்றாள்.

அப்புறம் உன் இஞ்சின் பொள்ளாச்சி வரைக்கும் எங்கேயும் நிற்காமல் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். பாய் பொரி தின்றார், காபி குடித்தார், “நல்லா ஓடுச்சுங்க தம்பி” என்று உன்னிடம் சொல்லிக்கொண்டார். “வாரேனுங்க அண்ணா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தன் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பரணில் கிடக்கட்டுமே என்றதற்கு, “கொஞ்சம் வேல இருக்குதுங்க” என்றார். பாயும் மகளும் உக்கடம் பஸ்ஸுக்கு நடந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை கடுமையாக யாரும் பேசவில்லை. நம் ஊரில் மனசு உடைந்தாலும் மரியாதை உடையாது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே, தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கப் போனேன். பாய் கடையில் இல்லை. பின்னால் வீட்டில் அவர் மனைவி என்னை உட்காரவைத்துச் சொன்னாள். “உங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்றதுங்க அக்கா. தலப்பிரசவத்துக்கு வாரப்பதான் அந்த ஸ்டேஷன்ல… படி ஒசரமுங்க, மண்ணுல நின்னு எட்டி ஏறோணும். நெறமாசம். கால் வழுக்கிருச்சு. அதோட போச்சுங்க வயித்துப் புள்ள. அவரு அப்புறம்தான் அந்த மேடையக் கட்டுனாரு. ‘நெசத்துல கட்டறதுக்கு என்ற கையில என்ன இருக்குது, அண்ணன் ஊட்டு ரயில்லயாச்சும் என்ற புள்ள காலத் தூக்காம ஏறட்டும்’னாருங்க. வருசா வருசம் வந்து அதப் பாத்துட்டுப் போவா அக்கா. அத்தா எனக்குக் கட்டுன மேடைன்னுவா.”

ஜாக்கெட்டை வாங்காமலே வந்துவிட்டேன் கண்ணு. பஸ்ஸில் வரும்போது என் கண்முன்னால் நின்றது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணின் இரண்டு கை. தனக்காகக் கட்டிய மேடையை நீ அறுக்க அறுக்க, ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த கை.

அப்பாவிடம் சொன்னேன். காலில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உனக்கு உடனே எழுதிப்போடுகிறேன் என்று நான் குதித்தேன். “வேண்டாம் புள்ள” என்றார். “இஞ்சின் அருமையாச் செஞ்சிருக்கறான். இதச் சொன்னம்னா அப்புறம் அவன் கையில அரத்தையே தொட மாட்டான். அவன் தெரிஞ்சா செஞ்சான்?” நான் எவ்வளவோ மன்றாடியும் ஒப்பவில்லை. அப்போது எனக்குப் புரியவில்லை. கோணலாக வந்த பலகைக்காகத் தன் பலகையைத் தூக்கிக் கொடுப்பாரே, அதைத்தான் உனக்கும் செய்தார். உனக்குத் தெரியாமல் அடியில் ஓர் அட்டையைச் சொருகி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த மனசு கிடையாது. இன்றைக்கு அதை உருவிவிட்டேன்.

பாய் அதற்கப்புறம் வரவில்லை. அப்பா ஒவ்வொரு வருஷமும் கடைக்குப் போய்க் கூப்பிடுவார். “வாரேனுங்க அண்ணா” என்பார் பாய், முகம் நிறையச் சிரிப்போடு. வர மாட்டார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? அடுப்படி வாசலில் பாய் பலகை நீளத்துக்கு இடம் விட்டுத்தான் மற்றப் பலகைகளை வைப்பார். ரயில் அங்கே வந்து நின்றுவிடும். அவர் இஞ்சினையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெற்றிடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி சாவி கொடுப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ ஒரு தடவை வந்திருந்தபோது கேட்டாய். “ஏப்பா, நகர்த்திச் சேத்தி வெச்சா என்ன?” அவர் சொன்னார், “அது பாய் பலகைக்கு உண்டான எடம் சாமி.” நீ மேலே கேட்கவில்லை. அந்த வருஷங்களில் எல்லாம் நான் அடுப்படிக்குள் குனியாமலே போய்வந்தேன். இடுப்பு வலிக்காமல் போவது அவ்வளவு வலிக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

பாய் போய்ச் சேர்ந்து, அடுத்த சித்திரையில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். போன மாதம் பாய் மனைவியைப் பார்க்க உக்கடம் போனேன். தையல் மெஷினுக்கு மேலே சுவரில் அந்தப் பலகையை அறைந்து வைத்திருந்தார்கள், நூல்கண்டு வைக்கிற தட்டாக. தண்டவாளத்து மேல் கலர் கலராக நூல்கண்டுகள் நிற்கின்றன. மேடையை நீ அறுத்த இடம் அறுத்தபடியே இருக்கிறது. பாய் அதன்மேல் ஒரு துண்டுத் துணிகூட ஒட்டவில்லை. சிவப்புச் சேலைக்காரி மண்மேல் நிற்கிறாள். பக்கத்தில் நிற்கும் நூல்கண்டு அவளைவிட உயரம். ஷெரீபாவும் வந்திருந்தாள். அவளுக்கு அப்புறம் குழந்தையே இல்லை. இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் வருகிறாளாம். ரயில் ஏறுவதில்லையாம்.

கண்ணு, உன் வீட்டுக்கு வந்துவிட்டு நின்றுபோனவர்கள் எல்லோரும் “பரவால்லைங்க சார்” என்று அவரவர் பாஷையில் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள். அவர்கள் செய்தது தப்பாகவே இருக்கும், நீ சொன்னது சரியாகவே இருக்கும். உனக்கு எல்லா அளவும் தெரியும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டுக் கோந்தும் அட்டையுமாக எதையோ செய்து, துண்டில் மூடிக்கொண்டு உன் வாசலுக்கு வந்து நிற்கிறார் என்றால், அதில் அவர் எதையோ வைத்திருக்கிறார். ரயில் மட்டும் இல்லை. அதை அவர் சொல்லுவார், சொல்லாமலும் போவார். நீ பக்கத்தில் உட்கார். அப்பா கேட்ட மாதிரி கேள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு உன் பலகையைத் தூக்கிக் கொடு. உன் இஞ்சின் அகலமென்றால் உன் இஞ்சினை எடுத்து வை. அவர் வண்டி ஒரு சுற்று ஓடட்டும், நீ கை தட்டு. ஓடாமல் நின்றாலும் பக்கத்தில் இருந்து பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதில் உன் அப்பாவுக்கு இருந்த சுகம், தன் ரயிலை ஓட்டுவதில்கூட இருந்ததில்லை.

முதலில் உன் மகளிடம் போ. ஸ்டேஷனில் ஊஞ்சல் எதற்கு என்று கேள். நீயாக எடுத்து மறுபடி வைக்காதே, அது அவள் வேலை. அவள் காரணம் சொன்னால் எனக்கும் எழுது, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அப்புறம் லீவு போட்டுவிட்டு இந்த ஆயுத பூஜைக்கு வந்து சேர். போன வருஷம் துக்கத்தில் பண்டிகை இல்லை. இந்த வருஷம் சின்னவரும் கார்டும் வருகிறார்கள். இடம் விட்டுத்தான் பலகை வைக்கப் போகிறோம். ஷெரீபாவிடம் அந்தப் பலகையை இறக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சட்டை அட்டைப்பெட்டியும் சாம்பல் துணியும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், அரிசிமாவுப் பசை காய்ச்சித் தருகிறேன். அதற்கெல்லாம் ஆயுதம் வேண்டியதில்லை. “வாரேனுங்கம்மா” என்றாள். அவள் அத்தாவும் ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னார். வருவாளா என்று எனக்குத் தெரியாது. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வந்தாளென்றால் அவளிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் “பரவால்லைங்க தம்பி” என்பாள். அதை இன்னொரு தடவை கேட்க என் காதுக்குத் தெம்பில்லை. ஒன்றும் பேசாமல் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்துகொள். மேடையை எவ்வளவு உயரத்துக்குக் கட்ட வேண்டுமோ அவ்வளவு உயரத்துக்கு அவள் கட்டட்டும். பலகை ஆடும். இந்தத் தடவை முனையை நீ பிடி.

உன் அம்மா